திருகோணமலையில் பார்க்க வேண்டிய இடங்கள்

வேலை இடத்துத் தேநீர் அறையில் பிஸ்கட் தகரத்தைத் திறந்துகொண்டே எங்கள் மனேஜர் கேட்டார்: "நீ ட்ரிங்கோமலிக்காரன்தானே? நானும் கணவரும் ஜூலையில் அங்கே போகிறோம். என்னென்ன பார்க்க வேண்டும், சொல்லு."

"ஓ, நிறைய இருக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஒரு முழு பிஸ்கட்டை வாய்க்குள் திணித்தேன். அடுத்த கேள்வி வராமல் இருக்கத்தான்.

நான் வேலை செய்வது லிட்கம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து கட்டிலுக்கும் ஆட்களைத் தூக்கி மாற்றுவது. மனேஜர் ஐம்பது தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி, முன்பு நர்ஸாக இருந்தவர். நல்ல மனுசி. வாய்தான் ஓயாது. கணவர் கடலுக்குள் மூழ்கி மீன் பார்க்கிற ஆசாமி. எங்கள் ஊர்ப் பவளப் பாறைகளை எங்கேயோ படத்தில் பார்த்துவிட்டு, போனால் அங்கேதான் போவது என்று ஒற்றைக் காலில் நின்றாராம்.

உண்மை என்னவென்றால், திருகோணமலையில் பிறந்து, படித்து, மீசை முளைத்து, அங்கிருந்தே ஓடிவந்த எனக்கு அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று தெரியாது. சிரிக்காதீர்கள். எந்த ஊர்க்காரனும் தன் ஊரைச் சுற்றிப் பார்ப்பதில்லை. எங்கள் கதை அதற்கும் ஒரு படி மேலே. நான் வளர்ந்த காலத்தில் கடல் எங்களுடையதாக இருக்கவில்லை. நிலாவெளிக் கரையில் நின்றால் தூரத்தில் புறாமலை தெரியும். சின்னத் தீவு. கிட்டப் போய்ப் பார்ப்போம் என்று எவனும் நினைத்ததில்லை, போனால் கடற்படை சுடும். கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் கோட்டை வாசலில் அடையாள அட்டை காட்டி, பையைக் கொட்டிக் காட்டி, கையைத் தூக்கி உடம்பைத் தடவ விட்டு, பிறகுதான் சாமி. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், அப்பாவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு. அன்றைக்கு நான் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை.

மாலை ரயிலில் லிட்கம்மிலிருந்து பென்டில் ஹில் வரும்வரை போனில் என் ஊரைத் தேடிப் படித்தேன். ‘கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ என்று ஒரு இத்தாலிக்காரி எழுதிப் போட்டிருந்தாள். பத்தில் நான் பார்த்தது இரண்டரை. அந்த அரை, புறாமலை. எங்கள் கடலில் திமிங்கிலம் வருமாம்! முப்பது வருசம் அந்தக் கரையில் கிடந்தவனுக்கு இத்தாலிக்காரி சொல்லித்தான் தெரிகிறது. வந்த எரிச்சலில் இறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கோட்டைவிட்டு அடுத்ததில் இறங்கி நடந்தேன்.

நடக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. இவர்கள் போகிறார்கள். போகிற வழியில் அம்மாவைப் பார்த்துவிட்டு வரட்டும்.

அம்மாவை நான் பார்த்துப் பன்னிரண்டு வருசம். படகில் வந்தவன் நான். அகதிக் கேஸ் ஒரு தடவை தள்ளுபடியாகி, மேல்முறையீடு செய்து, அது ஏதோ ஒரு அலுமாரியில் தூங்குகிறது. கையில் இருப்பது கேஸ் முடியும்வரைக்கான பிரிட்ஜிங் விசா. வேலை செய்யலாம், வரி கட்டலாம், வெள்ளைக்காரரின் அம்மாமாரைக் குளிப்பாட்டலாம். நாட்டை விட்டு வெளியே ஒரு கால் வைத்தால் மற்றக் கால் திரும்பி உள்ளே வர முடியாது. அவ்வளவுதான் கதை.

இந்தக் கதை அம்மாவுக்குத் தெரியாது. நான் வந்து நாலாவது வருசம், விசா விசா என்று யோசித்து அவ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அக்கா சொன்னா. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான், "அம்மா, கிடைச்சிட்டுது. நிரந்தர விசா" என்றேன். அந்தப் பக்கம் அவ விம்மியது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வேறு கேள்வி வந்தது. அப்ப வாவனடா? அதற்கும் பொய் வேண்டுமே. லீவு இல்லை என்றேன். எட்டு வருசமாக ஒவ்வொரு ஞாயிறும், போனை வைக்கும் முன்னால் அம்மா கேட்பா: "லீவு எப்பவாம்?" நான் சொல்வேன்: "கேட்டிருக்கிறன் அம்மா." எட்டு வருசமாக லீவே கொடுக்காத ஒரு வேலை இடம் உலகத்தில் இருக்குமா? அம்மா நம்பினா. நம்பினா என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

சரி, வீடியோவில்தான் பார்க்கிறேனே, பிறகேன் மற்றவர்களின் கண் என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களைத் தெரியாதவர்கள் கேட்கிற கேள்வி அது. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு, அதுவும் திரும்பி வர முடியாதவனுக்கு, வீட்டில் நடக்கிற கெட்டது எதையும் சொல்வதில்லை. இது எங்களுக்குள் எழுதாத சட்டம். "அவனுக்குச் சொல்லாதேங்கோ, அவன் அங்கை இருந்து என்ன செய்யிறது?" என்று சொல்லாத வீடு இல்லை. என்னோடு பென்டில் ஹில் வீட்டில் இருக்கிறவன் முல்லைத்தீவுக்காரன், என் வயதுதான், ஒரே படகில் வந்தோம். அவனுடைய அப்பா செத்தபோது அவனுடைய அண்ணன் எனக்குத்தான் போன் எடுத்தான். அவனுக்கு விசா நேர்முகம் இருக்கு, முடிஞ்ச பிறகு சொல்லுங்கோ என்றான். பதினொரு நாள். பதினொரு நாள் அவனோடு ஒரே குசினியில் சமைத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு, அவன் பகிடி விட்டபோது சிரித்து, செத்த வீட்டுச் செய்தியை வயிற்றுக்குள் வைத்திருந்தேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு வேறு.

அதனால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நம்பிக்கை இல்லை. அக்கா போனைப் பிடிப்பா, அம்மாவின் முகம் தெரியும். முகம் மட்டும். "காட்டு பாப்பம் அக்கா, அம்மா நடக்கிறதை" என்றால், "சிக்னல் போகுதடா" என்பா. போன வருசம் அம்மாவுக்கு வலது காலில் சின்னக் காயம். சர்க்கரை வருத்தக்காரி. எங்கள் இல்லத்தில் நர்ஸ் இப்படிக் காயங்களுக்கு மருந்து கட்டும்போது காலைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை, ஆகவே நான் இங்கிருந்து பெரிய டாக்டர் மாதிரி உத்தரவு போட்டேன். இப்படிக் கழுவு, அப்படிக் கட்டு, வெறுங்காலோடு நடக்க விடாதே. இரண்டு மாதம் கழித்து அக்கா சொன்னா: "காயம் ஆறீட்டுது. இனி அந்தக் கரைச்சல் இல்லை." எனக்கு நிம்மதி. ஆனாலும் உள்ளே எங்கேயோ ஒரு எறும்பு கடித்துக்கொண்டே இருந்தது. அம்மா உண்மையாக எப்படி இருக்கிறா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு எங்கள் சட்டம் தெரியாத இரண்டு பேர் வேண்டும்.

ஆகவே உட்கார்ந்து எழுதினேன், மனேஜருக்கு ஒரு சுற்றுலாத் திட்டம். இரண்டு முழுப் பக்கம். அந்த இத்தாலிக்காரிக்கு நான் என்ன குறைந்தவனா?

முதல் நாள், கோட்டைக்குள் மான்கள். வாழைப்பழம் கொடுத்தால் பின்னாலேயே வரும், பையைக் கவனம். பிறகு கோணேசர் கோயில். செருப்பைக் கழற்ற வேண்டும், கல் சுடும். மலை விளிம்பில் இராவணன் வெட்டு. கீழே கடல், எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அந்த வெட்டின் கதையையும் எழுதினேன். இராவணனின் தாய் சிவபக்தை. வருத்தம் வந்து படுக்கையில் விழுந்து, கோயிலுக்கு வர முடியாமல் போனா. தாய் வர முடியாவிட்டால் என்ன, கோயிலை மலையோடு தூக்கிக்கொண்டு போய் அவ காலடியில் வைக்கிறேன் என்று அவன் வாளால் வெட்டிய வெட்டு அது. மலை வரவில்லை.

இரண்டாம் நாள், கன்னியா. பக்கத்துப் பக்கத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்கலாம். அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று இன்னும் இழுபறி, அதை எழுதவில்லை, விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ஏன் தலையிடி. கதையை மட்டும் எழுதினேன். மலையைப் பெயர்க்க நின்ற இராவணனிடம் ஒரு கிழவர் வந்து, உன் தாய் செத்துவிட்டா என்று பொய் சொன்னாராம். வந்தவர் விஷ்ணு. தாய்க்குக் கிரியை செய்யத் தண்ணீர் வேண்டும் என்று அவர் தடியால் ஏழு இடத்தில் குத்தினார், ஏழு கிணறும் வந்தது. இன்றைக்கும் எங்கள் ஆட்கள் செத்தவர்களுக்கு அங்கேதான் போய்க் கிரியை செய்கிறார்கள்.

மனேஜர் அதை வாசித்துவிட்டு, "என்ன மாதிரி ஒரு மகன்!" என்று நெஞ்சில் கை வைத்தார். அவனிடம் புஷ்பக விமானம் இருந்தது, என்னிடம் இருப்பது பிரிட்ஜிங் விசா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு நிலாவெளி, புறாமலை, திமிங்கிலம். எல்லாம் இத்தாலிக்காரியின் தயவு. ஆனால் கன்னியாவுக்கும் நிலாவெளிக்கும் நடுவில், காலை பத்து மணிக்கு நேராக, இத்தாலிக்காரிக்குத் தெரியாத ஒரு இடத்தை எழுதினேன். உப்புவெளியில் என் அம்மாவின் வீடு. தேத்தண்ணி. ஒரு மணித்தியாலம்.

அம்மாவுக்கு ஏதாவது கொடுத்துவிட வேண்டுமே. சர்க்கரை வருத்தக்காரருக்கென்று மெத்தென்ற செருப்பு இங்கே மருந்துக் கடையில் இருக்கிறது, எங்கள் இல்லத்தில் பாதிப் பேர் போடுவது. அக்காவிடம் அளவு கேட்டேன். எங்கள் ஊரில் வெளிநாட்டுக்குச் செருப்பு அளவு அனுப்புவதென்றால் ஒரே வழிதான். கடதாசியில் காலை வைத்து, பென்சிலால் சுற்றிக் கீறி அனுப்புவது.

"இப்ப என்னத்துக்குச் செருப்பு? இருக்கிறதே காணும்" என்றா அக்கா.

"நீ கீறி அனுப்பு. கேள்வி கேளாதை."

"சொன்னாக் கேளன்டா..."

"அக்கா!"

நாலு நாள் கழித்து வாட்ஸப்பில் படம் வந்தது. கடதாசியில் இரண்டு பாதம், பக்கத்துப் பக்கத்தில். அம்மாவின் இடது காலில் சின்ன விரல் ஒரு பக்கமாக வளைந்திருக்கும், அது அவவுக்குப் பிறவியில் வந்தது. வலது கால் விரல்கள் நேர். படத்தில் இரண்டு காலிலும் சின்ன விரல் வளைந்திருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு மாம்பழம் கூட ஒழுங்காகக் கீற வராது. அளவு தெரிந்தால் காணும்தானே. நீல நிறத்தில், மேலே ஒட்டுகிற பட்டி வைத்த ஒரு சோடி வாங்கி மனேஜரிடம் கொடுத்தேன்.

அவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்றதும் அக்கா வேண்டாமென்று குதியாகக் குதித்தா. முதலில், வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறோம் என்றா. பிறகு, அம்மா அந்த வாரம் மட்டக்களப்புக்குப் போறா என்றா. பிறகு, எனக்கு இங்கிலீசு வராது, வந்தவையோடை நான் என்னத்தைக் கதைக்கிறது என்றா. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"வெள்ளைக்காரர் என்ன சுவரைப் பாக்கவோ வருகினம்? நான்தான் வரேலாமல் கிடக்கிறன், எனக்காண்டி வாறவைக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுக்கேலாதோ உனக்கு?"

அக்கா கடைசியில், "சரி, வரட்டும்" என்றா. நான் வென்றுவிட்டேன். என்ன வெற்றி!

அவர்கள் போனார்கள். மான் படம் வந்தது, கோயில் படம் வந்தது, சுடுகல்லில் மனேஜர் துள்ளுகிற வீடியோ வந்தது. இரண்டாம் நாள் கன்னியாவில் அவருடைய கணவர் தலையில் வாளியைக் கவிழ்க்கிற படம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. "வீட்டுக்குப் போனீர்களா?" என்று எழுதினேன். "போனோம். அற்புதம். வந்து சொல்கிறேன்" என்று பதில் வந்தது. அற்புதம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் சந்தோசமாக இருந்தேன். பல்லிளித்துக்கொண்டு திரிகிறாய் என்று முல்லைத்தீவுக்காரன் கூடக் கேலி செய்தான்.

அவர்கள் திரும்பி வந்த திங்கட்கிழமை, அதே தேநீர் அறை, அதே பிஸ்கட் தகரம். மனேஜர் டேப்லெட்டை மேசையில் வைத்து ஒவ்வொரு படமாகத் தள்ளினார். திமிங்கிலத்தின் வால். புறாமலையில் வெள்ளை மணல், கண்ணாடி மாதிரித் தண்ணீர். இது எங்கள் ஊரா என்று நானே வாய் பிளந்தேன். "நீ சொன்ன இடம் எல்லாம் போனோம், ஒன்றும் விடவில்லை" என்றார். பிறகு, "இதோ, உன்னுடைய அம்மா" என்றார்.

விறாந்தையில் கதிரை போட்டு அம்மா இருந்தா. புதுச் சேலை. நன்றாக மெலிந்திருந்தா, ஆனால் சிரித்தா. மனேஜர் பக்கத்தில் முழங்காலில் நின்றார். அம்மாவின் இடது காலில் நீலச் செருப்பு, நிலத்தில் வைத்து. மற்றச் செருப்பு அவவின் மடியில் இருந்தது, இரண்டு கையாலும் பூனைக்குட்டியைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தா. வலது பக்கம் சேலை முழங்காலிலிருந்து நேராகத் தொங்கியது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. கதிரையின் கால் தெரிந்தது. சிவப்புச் சீமெந்துத் தரை தெரிந்தது.

"நன்றாக ஆறியிருக்கிறது" என்றார் மனேஜர். "நான் பழைய நர்ஸ்தானே, காட்டச் சொல்லிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். எட்டு மாதம் ஆகிறது என்று வான் டிரைவர் சொன்னார். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு இங்கே வேலை செய்திருக்கிறாயே, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"ஓம். எட்டு மாதம்" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது? என் அம்மாவுக்குக் கால் இல்லை என்று எனக்குத் தெரியாது, உங்கள் விடுமுறைப் படத்தில்தான் பார்க்கிறேன் என்று சொல்வதா?

அவர் இன்னும் முடிக்கவில்லை. "உன் விசாவுக்காக நாங்கள் எல்லோரும் கடிதம் எழுதியிருக்கிறோம் என்றும் சொன்னேன். கவலைப்பட வேண்டாம், எப்படியும் எடுத்துக் கொடுப்போம் என்றேன். டிரைவர்தான் மொழிபெயர்த்தார். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு, அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டா. இரண்டு தடவை. எவ்வளவு சந்தோசப்பட்டா தெரியுமா?"

அந்த நல்ல மனுசியின் முகத்தைப் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்தில், ஒரு தேத்தண்ணியோடு, எட்டு வருசப் பொய் ஒன்றையும் எட்டு மாதப் பொய் ஒன்றையும் உடைத்துவிட்டு வந்திருக்கிறார். அவர் பிழை ஒன்றும் இல்லை. திட்டம் போட்டுக் கொடுத்தவன் நான். பத்து மணி என்று நேரமும் எழுதிக் கொடுத்தவன் நான்.

அன்று மத்தியானம் ஏழாம் அறைக் கிழவிக்குக் குளித்த பிறகு காலுறை போட வேண்டியிருந்தது. இரண்டு காலும் இருந்தன, வீங்கி, வெள்ளையாக. ஒன்றைப் போட்டேன். மற்றதைப் போட முடியவில்லை. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலடியில் இருந்து அழுதேன். கிழவிக்கு நான் யார் என்று பாதி நாள் தெரியாது. என் தலையைத் தடவி, எல்லாம் சரியாகிவிடும் மகனே என்றா.

அப்போதுதான் அந்தக் கடதாசி நினைவுக்கு வந்தது. அக்காவுக்குக் கீற வராமல் இல்லை. ஒரே காலை இரண்டு தடவை கீறியிருக்கிறா. இடது காலைக் கீறி, கடதாசியை நடுவில் மடித்துப் பிடித்து, பின்னால் தெரிந்த கோட்டைப் பார்த்து மற்றதைக் கீறியிருக்கிறா. அதுதான் இரண்டிலும் விரல் வளைந்திருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்த படம்.

வீட்டுக்கு வந்தபோது முல்லைத்தீவுக்காரன் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். மனேஜரிடம் கேட்டு வாங்கிய படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவன் பார்த்தான். பார்த்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, அவன் திடுக்கிடவில்லை.

"உனக்குத் தெரியுமோ?"

கத்தியை வைத்தான். கையைக் கழுவினான். துடைத்தான்.

"உன்ரை அக்கா போன் எடுத்துச் சத்தியம் வாங்கினவ மச்சான்."

"எப்ப?"

"காலெடுத்த அண்டைக்கே."

எட்டு மாதம் இவன் என்னோடு சாப்பிட்டிருக்கிறான். அம்மா எப்பிடி இருக்கிறாவாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் என்னிடமே கேட்டிருக்கிறான். அறைந்திருப்பேன். கை தூக்கினேன், உண்மையாகத் தூக்கினேன். அவன் விலகவில்லை.

"நீயும் பதினொரு நாள் வைச்சிருந்தனி" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. தூக்கின கையை என்ன செய்வது என்று தெரியாமல் மின்விசிறிச் சுவிட்சைப் போட்டேன். இங்கே ஜூலை குளிர்காலம், அந்தக் குளிருக்கு மின்விசிறி. இரண்டு பேரும் அதற்குக் கீழே நின்றோம்.

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டான் பிறகு. யோசித்துப் பார்த்தேன். நாட்டுக்குப் போக முடியாது. போனால் திரும்ப முடியாது, திரும்ப முடியாவிட்டால் மருந்துக்குக் காசு அனுப்ப ஆள் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்க முடியாது. கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. இங்கேயிருந்து அழுதிருப்பேன், அவ்வளவுதான். அந்த அழுகையை எட்டு மாதம் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்காக அவர்களைத் திட்டவா, கும்பிடவா?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த வாரம் முழுக்க என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று உருப்போட்டேன். அம்மா, எனக்குத் தெரியும் என்று தொடங்குவதா? தொடங்கினால் அவவும், எனக்கும் தெரியுமடா என்பா. பிறகு இரண்டு பேருக்கும் பிடிக்க என்ன இருக்கிறது? இரண்டு பொய்தான் எங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது.

போன் எடுத்தேன். அக்கா பிடித்தா. அம்மாவின் முகம்.

"சாப்பிட்டனியே?"

"ஓம் அம்மா. நீங்கள்?"

"புட்டு. உன்ரை மனேஜர் அம்மா வந்தவ. சரியான நல்ல மனுசி. நான் குடுத்த தேத்தண்ணியை முழுக்கக் குடிச்சவ."

செருப்பைப் பற்றிக் கேட்காவிட்டால் பிடிபட்டுவிடுவேன். "செருப்பு அளவோ அம்மா?"

"அளவெண்டா அப்பிடி ஒரு அளவு. மெத்தை மாதிரி. அதைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

"வெறுங்காலோடை நடக்காதேங்கோ, என்ன."

"இல்லை இல்லை. நடக்கிறேல்லை."

அக்காவின் மூச்சு போனுக்குப் பக்கத்தில் கேட்டது. நான் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் எல்லாம் உடைந்து விழுந்துவிடும் போலிருந்தது. வேறு கதை வேண்டும், உடனே வேண்டும். "புறாமலைப் படம் பாத்தன் அம்மா. என்ன வடிவு! நாங்கள் ஒருநாளும் போகேல்லையே" என்றேன்.

"எங்கையடா போறது அந்த நாளையிலை. இப்ப எல்லாரும் போகினமாம். வான் ஓடி வந்த பெடியன் சொன்னவன், கரையிலை இருந்து படகுக்குத் தண்ணிக்குள்ளாலை நடக்க வேணுமாம், முழங்கால் அளவு தண்ணியாம்." சொல்லிவிட்டு நிறுத்தினா. "நீ வந்தாப் போவம்."

"அதுக்கென்ன அம்மா, நான் தூக்கிக்கொண்டு போறன்."

வாய் தவறிவிட்டது. வாரம் முழுக்க உருப்போட்டதெல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது. நடக்கிற அம்மாவை எந்த மகன் தூக்கிக்கொண்டு போவான்? வேலையில் தினமும் ஆட்களைத் தூக்குகிறவனின் நாக்கு, அப்படியே சொல்லிவிட்டது. அக்காவின் கை ஆடியிருக்க வேண்டும், அம்மாவின் முகம் திரையை விட்டுப் போய், முகட்டு ஓடு தெரிந்து, பிறகு முகம் திரும்ப வந்தது.

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. கண் கலங்கவில்லை. என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டைப் பார்க்கிறதுபோல நிதானமாகப் பார்த்தா.

"ஓம், தூக்கு" என்றா. "முந்தின நிறை இல்லையடா நான் இப்ப."

"ஓம் அம்மா."

"உனக்குக் கைகால் நோகாது."

"நோகாது அம்மா."

பிறகு அவ பக்கத்து வீட்டு மாமரம் காய்த்ததைச் சொன்னா, மீன் விலையைச் சொன்னா, பல் விளக்கிப் படு என்றா, நாற்பது தாண்டியவனுக்கு. நான் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டேன். போனை வைக்கிற நேரம் வந்தது. எட்டு வருசமாக அந்த இடத்தில் ஒரு கேள்வி இருக்கும், அதற்கு என் பதில் நாக்கு நுனியில் ஆயத்தமாக நின்றது. கேட்டிருக்கிறன் அம்மா, கேட்டிருக்கிறன்.

லீவு எப்பவாம் என்று அன்றைக்கு அவ கேட்கவில்லை.